மிஸஸ் ஹாஸ்கெல் வீட்டு மாடி

பையை மேலே வைக்காதீர்கள், அம்மா. இந்த பஸ் போகும் சாலையில் வளைவுகள் அதிகம். யார் தலையிலாவது விழும். காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆம், தமிழ்தான். ஏன் அப்படித் திகைக்கிறீர்கள்? நிறுத்தத்தில் நின்றுகொண்டு நீங்கள் உங்கள் கணவரிடம் கைப்பேசியில் பேசியது முழுவதும் என் காதில் விழுந்தது. நான் ஒட்டுக்கேட்கவில்லை. இந்த நாட்டில் இப்போது எல்லோரும் தங்கள் அந்தரங்கத்தைத் தெருவில் நின்று ஒலிபரப்புகிறார்கள். கேட்காமலிருக்க நான் காதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளவா முடியும்? ஆல்டர்பரியில் இரண்டு நாளாக அலைந்தும் உங்களுக்கு வீடு கிடைக்கவில்லை. அடுத்த மாதம் மருத்துவமனையில் வேலைக்குச் சேர வேண்டும். குழந்தையை டெக்சாஸில் அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். 'கெடைக்கவே இல்லைங்க' என்றீர்கள். கரூரா, ஈரோடா? கரூர். நினைத்தேன். பெயர்? இளவரசி. நல்ல பெயர். இங்கே அதை 'இலா' என்று வெட்டப் பார்ப்பார்கள். விடாதீர்கள்.

என் பெயர் புனிதவதி அம்பலவாணன். ஆன்ட்டி என்று கூப்பிடாதீர்கள். நான் உங்களுக்கு அத்தையும் இல்லை, சித்தியும் இல்லை. 'அம்மா' போதும். என் தமிழைக் கேட்டுச் சிரிப்பு வருகிறதோ? வரட்டும். நான் பாளையங்கோட்டையை விட்டுக் கிளம்பியது அறுபத்தொன்பதாம் ஆண்டில். அன்று கொண்டுவந்த தமிழ் இது. பட்டுப்புடவையைப்போல அலமாரியில் மடித்து வைத்திருக்கிறேன், கசங்கவிடவில்லை. நான் வைத்ததை வைத்தபடி வைத்திருக்கிறேன். கெட்டுப்போனது இந்த நாடுதான்.

கெட்டுத்தான் போயிற்று. வாய்க்கு வந்தபடி சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அமெரிக்க அரசாங்கத்தைச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆல்டர்பரி உயர்நிலைப்பள்ளியில், புடவை கட்டிக்கொண்டு, அவர்களுடைய அரசியல் சட்டத்தை அவர்களுக்கே. முதல் ஆண்டில் ஒரு பெண்ணின் தகப்பன் தலைமையாசிரியரிடம் வந்து, 'எங்கள் சட்டத்தைப் பற்றி இந்த அம்மாளுக்கு என்ன தெரியும்?' என்று கேட்டார். கேட்டார் என்று மரியாதையாகவே சொல்கிறேன், ஏனென்றால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அவமதிப்பதற்குக்கூட அன்று ஒரு முறை இருந்தது. இன்று தொப்பியோடு வகுப்பறைக்குள் வந்து உட்காருகிறார்கள்.

அஞ்சல் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளில் என் அம்மாவின் கடிதம் வந்தால், அங்கே இருந்தவர் என்னைத் தெருவில் கண்டதும் கையசைத்து, 'இந்தியாவிலிருந்து வந்திருக்கிறது' என்பார். ஊருக்கே தெரிந்துவிடும், அது வேறு விஷயம். இன்று ஓர் ஓய்வூதியக் கேள்விக்குத் தொலைபேசியில் ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று ஓர் இயந்திரம் என்னை வேலை வாங்குகிறது. அரசாங்கத்துக்கு முகம் இருந்தது, இளவரசி. இப்போது பொத்தான்கள் இருக்கின்றன. அன்று தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று பக்கத்து வீட்டில் கேட்க மாட்டார்கள், கேட்பது அநாகரிகம். இன்று புல்தரையில் பலகை நட்டு வைக்கிறார்கள். இந்தப் பக்கம் ஒரு பலகை, எதிர்ப்பக்கம் அதைத் திட்டி ஒரு பலகை. நடுவில் நடந்துபோக எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாளைக் காலை பாஸ்டனில் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்கு இன்றே கிளம்பிப் போய் விடுதியில் தங்குகிறேன். போன வருடம்வரை இந்தத் தொல்லை இல்லை. மிர்லாண்ட் காரில் அழைத்துப்போய் அன்றைக்கே திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவாள். யார் மிர்லாண்டா? சொல்கிறேன். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் மிஸஸ் ஹாஸ்கெல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்களும் வீடு தேடுகிறவர், கேளுங்கள்.

நாங்கள் வந்த புதிதில் என் கணவருக்குப் பக்கத்துக் கல்லூரியில் வேலை. செய்தித்தாளில் விளம்பரம் பார்த்துத் தொலைபேசியில் கேட்டால், 'தாராளமாக வாருங்கள்' என்பார்கள். வாசலில் எங்கள் முகத்தைக் கண்டதும், 'அடடா, எவ்வளவு வருத்தமாக இருக்கிறது! இப்போதுதான் போயிற்று. ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால்…' என்பார்கள். ஏழெட்டு வாசலில் இதே பதில். 'இந்த ஊரில் எல்லா வீடும் நாம் வருவதற்கு ஒரு மணி முன்னால்தான் போகிறது, புனிதா. நாளைக்கு நாம் இரண்டு மணி முன்னதாகக் கிளம்புவோம்' என்றார் என் கணவர். அவருக்கு எதிலும் வேடிக்கைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒருவராவது கதவை முகத்தில் அறைந்து சாத்தினாரா? இல்லை. ஓர் அம்மாள் குடிக்கத் தண்ணீர்கூடக் கொண்டுவந்து கொடுத்தாள். வாசற்படியில் வைத்துத்தான், இருந்தாலும் கண்ணாடித் தம்ளரில். பொய் சொல்வதற்கும் ஒரு நாகரிகம் வேண்டும்.

உங்களுக்குப் பதிலே வருவதில்லையா? மின்னஞ்சல் போட்டால் அப்படியே விட்டுவிடுகிறார்களா? பார்த்தீர்களா, இதைத்தான் சொல்கிறேன். அந்தப் பொய்க்குக்கூட இன்று வக்கில்லை.

மிஸஸ் ஹாஸ்கெல் அப்போதே வயதான விதவை. டோரதி ஹாஸ்கெல். அவள் வீட்டுக்குப் பின்பக்கம் தனிப் படிக்கட்டு வைத்த மாடி. மூன்று அறை, தெற்கே பார்த்த ஜன்னல். எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். 'மேலே சும்மாதான் கிடக்கிறது. உங்கள் சமையல் வாசனை எனக்குப் பிடிக்கவில்லை என்றால் நான் ஜன்னலைத் திறந்துகொள்கிறேன்' என்றாள். அவ்வளவுதான். வேறொரு கேள்வி கேட்கவில்லை.

ஆனால் ஊர்ச்சட்டம் இருக்கிறதே! ஒரு வீட்டில் ஒரு குடும்பம்தான் இருக்கலாம் என்பது ஆல்டர்பரியில் நெடுநாளாக உள்ள விதி. மாடியை வாடகைக்கு விடுவது குற்றம். ஒரு நாள் கட்டட ஆய்வாளர் மிஸ்டர் பைக் வந்தார். நான் மேலே ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருக்கிறேன். கீழே பேச்சு கேட்கிறது.

'டோரதி, மேலே யார்?'

'விருந்தாளிகள்.'

'எவ்வளவு நாளைக்கு?'

'அவர்களுக்குப் போகத் தோன்றும்வரை. ஆப்பிள் கேக் சாப்பிடுகிறாயா, ஹெர்பர்ட்?'

மிஸ்டர் பைக் சாப்பிட்டார். 'இந்த வாசனையும் கேக்கிலிருந்துதான் வருகிறதா?' என்று கேட்டுவிட்டுப் போனார். மறுபடி வரவில்லை. நாங்கள் ஆறு வருடம் விருந்தாளிகளாக இருந்தோம், மாதம் தவறாமல் வாடகை கொடுத்துக்கொண்டு. நகர அலுவலகத்தில் எழுதுபவளுக்குத் தெரியும், காவல் அதிகாரிக்குத் தெரியும், பாதிரியாருக்குத் தெரியும். ஒருவர் வாய் திறக்கவில்லை. அதுதான், அம்மா, சமூகம். அதுதான் நான் பார்த்த அமெரிக்கா. மிஸஸ் ஹாஸ்கெல் தன் மகள் வீட்டோடு போனபோது வீட்டையே எங்களுக்கு விற்றுவிட்டாள். நாற்பது வருடத்துக்கு மேலாக வரி கட்டுபவள் நான். ஊர்க்காரர்கள் இன்னும் அதை மிஸஸ் ஹாஸ்கெல் வீடு என்றுதான் சொல்கிறார்கள்.

என் கணவர் காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. மகன் சியாட்டிலில், ஞாயிற்றுக்கிழமை திரையில் முகம் காட்டுவான். மாடி அப்படியே இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை ஆள் வைத்துக் கூட்டித் துடைப்பேன். மற்ற நாளில் பூட்டுதான்.

இடுப்பு எலும்பு முறிந்து அறுவை நடந்தபின் என்னைக் குளிப்பாட்ட, நடக்கவைக்க வந்தவள்தான் மிர்லாண்ட். ஹெய்ட்டிக்காரி. என்னை 'மதாம்' என்பாள். மரியாதை தெரிந்தவள், கை சுத்தம், பேச்சும் அளவு. ஊருக்குள்ளே ஒரு கடைக்கு மேலிருந்த இரண்டு அறையில் அவளும் மகளும் இருந்தார்கள். மகள் எஸ்தெல், பள்ளி இசைக்குழுவில் செல்லோ என்கிற ஆளுயர வயலினை வாசிப்பாள். எஸ்தெல்லுக்குக் கடைசி வருடம் இந்தப் பள்ளியில் முடிய வேண்டும், அதுவரை இந்த ஊரில் ஓர் இடம் வேண்டும். மிர்லாண்டுக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. அந்தக் கடைக் கட்டடத்தை வெளியூர்க்காரன் ஒருவன் வாங்கி, ஜூன் மாதத்துக்குள் காலி செய்யச் சொன்னான். கோடைக்கு வரும் சுற்றுலாக்காரர்களுக்கு விடப்போகிறானாம். அன்றைய வீட்டுக்காரர்கள் குடியிருப்பவன் முகத்தைப் பார்த்து இடம் கொடுத்தார்கள். இன்று வரவை மட்டும் பார்க்கிறார்கள்.

ஒரு நாள் முதுகு தேய்த்துக்கொண்டே கேட்டாள்:

'மதாம், உங்கள் மாடி சும்மாதானே இருக்கிறது?'

'சும்மா இருப்பது வேறு, சட்டம் இடம் கொடுப்பது வேறு, மிர்லாண்ட்.'

'சட்டத்தை மாற்ற முடியாதா?'

'ஏன் முடியாது? இது ஜனநாயகம். பத்து வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டால் எந்தத் தீர்மானத்தையும் நகரக் கூட்டத்தில் வைக்கலாம்.'

ஆசிரியை இல்லையா, கேட்டால் பாடம் எடுத்துவிடுவேன். பாடத்தைப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாமா? அவள் போய்ப் பத்துக் கையெழுத்து வாங்கிவிட்டாள்! முதல் கையெழுத்து வால்ட் ப்ரூயிட் போட்டது. எதிர் வீட்டுக்காரர், தீயணைப்புப் படைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு விடலாம் என்று தீர்மானம். என்னிடமும் கொண்டுவந்தாள். 'என் வீட்டுக்கு ஆதாயம் தரக்கூடிய தீர்மானத்தில் நான் கையெழுத்திடுவது முறையாகாது' என்று விளக்கினேன். தலையசைத்துக்கொண்டு போனாள். 'மதாம் மிகவும் நேர்மையானவர்' என்று வால்ட்டிடம் சொன்னாளாம். அவர் வந்து சொன்னார். எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

ஆனால் கூட்டத்துக்கு முந்திய வாரம் ஒன்று நடந்தது. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். என் பின்பக்கப் படிக்கட்டில் தாயும் மகளும் நிற்கிறார்கள். செல்லோப் பெட்டியை அந்தத் திருப்பத்தில் வளைத்து ஏற்ற முடியுமா என்று எஸ்தெல் கையை அகல விரித்து அளக்கிறாள். மிர்லாண்ட் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை அவளிடம் நான் அதுவரை பார்த்ததில்லை. தீர்மானம் இன்னும் வாக்கெடுப்புக்கே வரவில்லை, படிக்கட்டை அளக்கிறார்கள்! திரையை இழுத்துவிட்டேன். நாங்கள் குடிவந்தபோது அந்தப் படிக்கட்டில் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் ஏறினோம்.

நகரக் கூட்டம் என்றால் என்ன என்று தெரியுமா? இந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் சட்டமன்றம் கிடையாது. ஊரே சட்டமன்றம். வருடத்துக்கு ஒருமுறை வாக்காளர்கள் அனைவரும் ஒரே கூரையின்கீழ்க் கூடி, வரவு செலவிலிருந்து நாய் கட்டும் சங்கிலிவரை கையைத் தூக்கித் தீர்மானிப்பார்கள். இதற்காகவே நான் இந்த நாட்டைக் காதலித்தேன் என்றால் நம்புவீர்களா? எழுபத்து நான்கில், பெட்ரோலுக்கு வரிசை நின்ற குளிர்காலம் கழிந்து கூடிய கூட்டம். ஒரு தீயணைப்பு வண்டி வாங்குவதா வேண்டாமா என்று மூன்று மாலை வாதம். நிற்க இடமில்லை. ஆண்கள் கழுத்துப்பட்டி அணிந்திருந்தார்கள். பெண்கள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே எதிர்வாதம் செய்தார்கள். எங்களுக்கு அப்போது குடியுரிமை இல்லை. வாக்கில்லாதவர்களுக்கென்று ஓரத்தில் ஒரு பெஞ்சு உண்டு, அதில் உட்கார்ந்திருந்தோம். மிஸஸ் ஹாஸ்கெல் தன் நாற்காலியை விட்டு எழுந்துவந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வாக்கெடுப்பு வரும்போது மட்டும் எழுந்து உள்ளே போவாள், கையைத் தூக்குவாள், திரும்பி வருவாள். மூட்டுவலிக்காரி.

இன்று? பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் முக்கால்வாசி நாற்காலி காலி. கேட்டால், 'தொலைக்காட்சியில் காட்டுகிறார்களே, வீட்டிலிருந்து பார்த்துக்கொள்கிறோம்' என்கிறார்கள். நம்மவர்கள் மட்டும் என்ன? புதுக் குடியிருப்பில் முப்பது தமிழ்க் குடும்பம் இருக்கிறது. இதே கூடத்தில் பொங்கல் விழா நடந்தால் கார் நிறுத்த இடம் கிடையாது. கூட்டத்துக்கு ஒருவர் வருவதில்லை.

கூட்டத் தலைவனாக இப்போது கைல் டென்னிங் என்று ஒரு சின்னப் பையன். பையன் என்றால் நாற்பது வயது. அரைக்கால் சட்டை போட்டு வந்திருந்தான். அரைக்கால் சட்டை! வெளியே டாக்கோ விற்கும் வண்டி. உள்ளே வந்து உட்கார்ந்து எல்லோரும் அதை மென்றுகொண்டிருக்கிறார்கள். ஓரத்துப் பெஞ்சில் மிர்லாண்டும் எஸ்தெல்லும். அவளுக்கும் குடியுரிமை இன்னும் வரவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை. நான் எப்படிப் போய் உட்கார முடியும்? இடுப்பு. தவிரவும் நான் வாக்காளர்.

வாக்கில்லாதவர்கள் பேசவேண்டுமானால் சபையின் அனுமதி வேண்டும். கேட்டாள், கொடுத்தார்கள். எழுந்து நின்றாள். 'உங்கள் தாய் தகப்பன்மாரை நான் குளிப்பாட்டுகிறேன். இந்த ஊரின் குளியலறைகள் பாதி எனக்குத் தெரியும். எந்த வீட்டில் எந்த அறை சும்மா இருக்கிறது என்பதும் தெரியும். உங்களோடு பகலெல்லாம் இருக்கிறேன். தூங்குவதற்கு மட்டும் ஏன் வேறு ஊருக்குப் போக வேண்டும்?' என்றாள். சிரித்தார்கள். பிறகு கைதட்டினார்கள். கூட்டத்தில் கைதட்டக் கூடாது; அது விதி. கைல் கண்டிக்கவில்லை. கண்டிக்காததோடு, 'சரி மக்களே, ஓட்டுக்குப் போகலாமா?' என்றான். மக்களே! கல்யாண வீட்டுப் பந்திக்குக் கூப்பிடுவதுபோல.

எனக்குப் பொறுக்கவில்லை. நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். 'தலைவர் அவர்களே, இந்தச் சபையில் கோரம் இருக்கிறதா என்று கேட்கிறேன்' என்றேன்.

கோரம் தெரியுமல்லவா? கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் இருக்கவேண்டும் என்ற வரம்பு. நம் நகராட்சிகளிலும் உண்டு. ஆல்டர்பரியில் நூறு பேர். பல வருடமாக அந்த நூறு சேருவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாராவது எழுந்து கேட்கும்வரை, இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே யாரும் கேட்பதில்லை. கேட்பது இல்லை என்பதே ஊர்வழக்கம். ஊரே சேர்ந்து கண்ணை மூடிக்கொள்கிறது.

என்ன சொல்கிறீர்கள்? மிஸஸ் ஹாஸ்கெல் காலத்திலும் ஊர் கண்ணை மூடிக்கொண்டதுதானே என்றா? அது வேறு, இளவரசி. அது பண்பாடு. இது சோம்பல். இரண்டையும் குழப்பாதீர்கள்.

முந்திய வருடங்களில் நான் ஏன் கேட்கவில்லையா? முந்திய வருடங்களில் எனக்கு இடுப்பு வலி.

சபையில் டாக்கோ மெல்வதைக்கூட நிறுத்தினார்கள். வால்ட் என் பக்கம் திரும்பி, 'புனிதா, உட்காருங்கள். தயவுசெய்து' என்றார், தணிந்த குரலில். ஐம்பது வருடப் பழக்கம். இருந்தாலும் சபையில் என்னை மிஸஸ் அம்பலவாணன் என்றல்லவா அழைக்க வேண்டும்? 'கேள்வி எழுப்பியாகிவிட்டது, வால்ட். பதில் எண்ணிக்கையில் வர வேண்டும், கெஞ்சலில் அல்ல' என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், 'மாடியைப் பூட்டி வைத்திருப்பவர் இவர்தானே?' என்று கத்தினாள். திரும்பிப் பார்த்தேன். என் மாணவிதான். என் பாடத்தில் தட்டுத்தடுமாறித் தேறியவள்.

எண்ணினார்கள். இரண்டு பேர் குறைவு.

வால்ட்டின் மனைவி வெளியே ஓடினாள். டாக்கோ வண்டியருகே நின்றவர்கள் நான்கு பேரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். ஒருவன் வாயில் இன்னும் தீனி. 'இதோ, இப்போது இருக்கிறது!' என்றாள். 'கேள்வி எழுந்த நேரத்தில் யார் உள்ளே இருந்தார்களோ அவர்கள்தாம் கணக்கு' என்றேன். கைல் டென்னிங் விதிப்புத்தகத்தைப் புரட்டினான். புரட்டிப் புரட்டிப் பார்த்தான். கடைசியில் தலையைத் தூக்காமல், 'அவர் சொல்வது சரி' என்றான். எப்படி இல்லாமல் போகும்? அவனுக்கும் நான்தான் ஆசிரியை.

கூட்டம் கலைந்தது. இனி சிறப்புக் கூட்டம் கூட்டினால்தான் உண்டு, அதுவும் இலையுதிர் காலத்தில்தான். அந்தத் தீர்மானம் நல்லதா கெட்டதா என்பதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். நான் எதையும் எதிர்க்கவில்லை. எண்ணச் சொன்னேன். எண்ணச் சொல்வது குற்றமாகிப்போன நாட்டைப் பற்றி என்ன சொல்வது?

மறுநாள் மிர்லாண்ட் வழக்கம்போல வந்தாள். ஏதாவது கேட்பாள், விதியை எடுத்துச் சொல்லலாம் என்று தயாராக இருந்தேன். கேட்கவில்லை. 'தண்ணீர் சூடு போதுமா, மதாம்?' என்றாள். அவ்வளவுதான். அதன்பின் ஜூன்வரை அவள் என்னிடம் கேட்டது எல்லாம் தண்ணீரைப் பற்றித்தான்.

ஒரு மணி நேரத் தொலைவில் ஓர் ஊரில் இடம் கிடைத்தது. எஸ்தெல்லுக்கு வேறு பள்ளி. அங்கே இசைக்குழு இல்லையாம். கடைசி நாளன்று போகும்போது, 'மதாம், மாடியை ஒருமுறை பார்க்கலாமா?' என்றாள். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனாலும் சாவியைக் கொடுத்தேன். நான் கீழேயே நின்றேன். மேலே நடக்கும் சத்தம் கேட்டது. மூன்று அறையிலும் நடந்தாள். பிறகு ஜன்னல் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. இறங்கிவந்து சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள். 'நல்ல வெளிச்சம்' என்றாள். போய்விட்டாள். விடைபெறும் முறைகூட இந்தக் காலத்தவர்களுக்கு மறந்துவிட்டது, பாருங்கள்.

கதை அதோடு முடியவில்லை. இலையுதிர் காலத்தில் சிறப்புக் கூட்டம் போட்டார்கள். நான் போகவில்லை, அழைத்துப்போக ஆள் இல்லை. தொலைக்காட்சியில் பார்த்தேன். கூடம் நிரம்பி வழிந்தது! என்மேல் உள்ள கோபத்திலாவது வந்தார்களே. முதல் வேலையாகக் கோரத்தையே நீக்கினார்கள். இனி நான்கு பேரும் ஒரு நாயும் கூடினால் சட்டம் செய்யலாம். அடுத்து, மிர்லாண்டின் தீர்மானத்தை வைத்தார்கள். எதிர்த்து ஒரு கை எழவில்லை. ஆக, இன்று என் மாடியை நான் வாடகைக்கு விடலாம். சட்டம் முழுமனதாக அனுமதிக்கிறது. கொண்டுவந்தவள்தான் ஊரில் இல்லை. இப்படித்தான் இன்றைய அரசாங்கம்: தேவைப்பட்டவர்கள் போனபிறகு வரும்.

சமூகத்தைக் கேட்கவே வேண்டாம். முன்பெல்லாம் பனி பெய்தால் நான் எழுந்திருக்குமுன்பே வால்ட் என் வாசலை வாரிவிட்டிருப்பார். கேட்டதே இல்லை, நன்றி சொன்னால் தொப்பியைத் தொட்டுக்கொண்டு போவார். இந்தக் குளிர்காலம் அவர் தன் வாசலை வாருகிறார், அதற்கடுத்த வீட்டு வாசலை வாருகிறார், என் வேலியோரம் வந்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறார். ஒரு வயதான பெண் கதவைத் திறக்க முடியாமல் உள்ளே இருக்கிறாளே என்ற எண்ணம் இந்த ஊரில் ஒருவருக்கும் இல்லை. ஐம்பது வருடத்தில் ஒரு தேசம் எவ்வளவு சுருங்கிவிட முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அதோ பாலம். பாஸ்டன் வந்துவிட்டது. கொஞ்சம் பொறுங்கள், எல்லோரும் இறங்கட்டும். எனக்கு நடைவண்டியை விரிக்க நேரமாகும். அடடா, என் பெட்டியையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்களா? பார்த்தீர்களா, நம் பெண் என்றால் கேட்காமலே கை நீளுகிறது. கையைக் கொடுங்கள். மெதுவாக. அவ்வளவுதான். நல்ல பிடி உங்களுக்கு. மிர்லாண்டுக்கும் இப்படித்தான், வலிக்காமல் பிடிப்பாள்.

என்ன கேட்டீர்கள்?

இந்தச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. மாடியா? என் மாடியா? உங்களுக்கும் குழந்தைக்கும், பிறகு உங்கள் கணவரும் வருவார்… ஆம், புரிகிறது. சட்டம் இடம் கொடுக்கிறது, வாஸ்தவம். மூன்று அறை போதும், அதுவும் வாஸ்தவம். குழந்தைக்கு என்ன வயது? நான்கு. ஓடியாடும் வயது.

அடடா, இளவரசி. எவ்வளவு வருத்தமாக இருக்கிறது தெரியுமா? அது இப்போதுதான் போயிற்று. ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால்…